ஹனி அண்ட் க்ளோவர் 2: பன்னிரண்டு பாகமும் கைகளைப் பற்றிய கதைதான் (முடிவு வரை பேசும் இழை)

#1 நாலிலை

இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நின்றுவிடுங்கள். கடைசிக் காட்சி வரை எல்லாமே கீழே வரப்போகிறது.

ஹனி அண்ட் க்ளோவர் ஒரு கலைக் கல்லூரியின் ஐந்து நண்பர்களைப் பற்றிய ஜப்பானிய அனிமே (அசைவோவியத் தொடர்). முதலில் வரிசை. பலர் சறுக்குவது இங்கேதான். முதல் சீசன் 2005 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிந்தது, 24 பாகம். அதற்கு வெளியே கிளைக்கதையாக இரண்டு சிறப்புப் பாகம் உண்டு. இரண்டாம் சீசன் 2006 ஜூன் 29 முதல் செப்டம்பர் 14 வரை, 12 பாகம். ஒரு பாகத்துக்கு 23 நிமிடம் என்று கணக்கிட்டால் முதலாவது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல், இரண்டாவது நாலரை மணி நேரம். இரண்டாவதை ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நாளுக்கு இரண்டு பாகம் போதும், ஏழாம் பாகத்துக்குப் பிறகு ஒன்று ஒன்றாக.

முதல் சீசனைப் பார்த்து நாளாகிவிட்டால் நான்கு விஷயங்களையாவது நினைவில் கொண்டுவந்துவிட்டு உட்காருங்கள். தகேமோட்டோ தன் பட்டப்படிப்புக்காகக் கட்டிய கோபுரத்தைத் தானே உடைத்தது. அவன் சைக்கிளில் ஜப்பானின் வடகோடியான சோயா முனை வரை போய்த் திரும்பியது. மயாமா விரும்பும் கட்டடக்கலைஞர் ரிகாவின் கணவர் ஹரடா கார் விபத்தில் இறந்தது. அவர்களுடைய ஆசிரியர் ஷூஜி மங்கோலியாவுக்குப் போகும் முன் எல்லோரும் சேர்ந்து, அதிர்ஷ்டம் தரும் என்று நம்பப்படும் நாலிலை குளோவர் செடியைத் தேடி, ஒன்றுகூடக் கிடைக்காமல் திரும்பியது. இந்த நான்கும் இரண்டாம் சீசனில் கடன்போலத் திரும்பி வரும்.

இழை தொடங்கியதற்குக் காரணம் இது. "யாரும் யாரோடும் சேரவில்லை, இது என்ன காதல் கதை" என்ற கேள்வி எல்லா இடத்திலும் கேட்கிறது. காதலை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமே. ஆனால் இந்த ஐந்து பேரும் முதலில் கையால் வேலை செய்கிறவர்கள். கட்டடக்கலை மாணவர்கள் தகேமோட்டோவும் மயாமாவும், மட்பாண்டம் செய்கிற யமாடா, சிற்பி மோரிட்டா, ஓவியர் ஹகு. யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அவர்கள் கை என்ன வேலை செய்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு பிடிபடும். அந்தந்தத் தொழில் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

#2 வேம்படி

நல்ல இழை. ஆனா எனக்கு உந்த முடிவு இன்னும் விளங்கேல்லை. தகேமோட்டோ தன்ர காதலைச் சொல்லிப் போட்டான். மோரிட்டாவும் ஹகுவும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினம் எண்டது எங்களுக்கும் தெரியும், அவைக்கும் தெரியும். பிறகேன் அவள் ஷூஜியைத் தெரிவு செய்யிறாள்? அதுவும் சொந்தக்காரன். கதாசிரியர் அவசரப்பட்டு முடிச்சமாதிரி இருக்கு.

#3 கரிக்கோல்

அவசரம் என்ற புகாருக்குத் தயாரிப்புப் பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம்.

மூலமான உமினோ சிக்காவின் மங்கா (படக்கதை) 2000-ல் க்யூட்டி காமிக் இதழில் தொடங்கியது. அந்த இதழ் நின்றதும் யங் யூவுக்குப் போனது. அதுவும் 2005-ல் நிற்க, கோரஸ் இதழில் தொடர்ந்து 2006-ல் முடிந்தது. மொத்தம் 10 தொகுதி. அதாவது முதல் சீசன் ஒளிபரப்பானபோது மூலக்கதைக்கே முடிவு கிடையாது. இரண்டாம் சீசன் வந்த அதே ஆண்டில்தான் மங்காவும் முடிந்தது. அனிமே தானாக ஒரு முடிவைச் செய்துகொள்ளாமல் உமினோவின் முடிவையே எடுத்துக்கொள்ள முடிந்ததற்கு இந்தக் கால ஒட்டு முக்கியம். ஆக, முடிவில் அவசரம் தெரிந்தால் அதை அனிமேயின் தலையில் கட்ட முடியாது. மங்காவிலும் அதே முடிவுதான், கொஞ்சம் மூச்சு விட இடம் கூடுதல்.

இயக்குநர் மாறியதையும் கவனிக்க வேண்டும். முதல் சீசன் கசாய் கெனிச்சி. இரண்டாவது நாகாய் தட்சுயுக்கி, அவர் தொடர் இயக்குநராக எடுத்த முதல் படைப்பு. (பிறகு 2008-ல் டொராடொரா, 2011-ல் அனோஹானா.) திரைக்கதை அமைப்பு இரண்டிலும் குரோடா யோசுகே, பாத்திர வடிவமைப்பு இரண்டிலும் ஷிமாமுரா ஹிதேகாஸு, நிறுவனம் ஜே.சி.ஸ்டாஃப். எனவே கோடும் வண்ணமும் மாறவில்லை, காலக்கணக்குதான் மாறியது. கசாய் சிரிப்புக் காட்சிகளுக்குத் தாராளமாக நேரம் கொடுப்பார். நாகாய் ஒருவர் பேசி முடித்தபின் முகத்தை விட்டு விலகாமல் காத்திருப்பார். அழுகைக்கு முந்தைய இரண்டு மூன்று வினாடிகளை அவர் எடுக்கிற விதம் பிற்காலத் தொடர்களில் எல்லோருக்கும் தெரிந்தது. இங்கேயே அது இருக்கிறது.

பாட்டு விஷயமும் அப்படித்தான். தலைப்பு ஸ்பிட்ஸ் குழுவின் ஹச்சிமிட்சு, சுகா ஷிகாவோவின் க்ளோவர் என்ற இரண்டு இசைத்தொகுப்புகளின் பெயரிலிருந்து வந்தது. இருவரின் பாடல்களும் பாகத்தின் நடுவே உச்சக் காட்சிகளில் வரும். வரியையும் வசனத்தையும் சேர்த்தே காட்டாத சப்டைட்டிலில் பாதி உணர்வு போய்விடும். எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது ஒரு பாகத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள், பாடல் வரிகளுக்கும் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று.

குறை எங்கே என்றால், 12 பாகத்தில் நான்கு சுமை: மோரிட்டா சகோதரர்களின் பழிவாங்கல், மயாமா–ரிகா, யமாடா–நோமியா, ஹகுவின் காயம். இதில் நசுங்கியது மோரிட்டா கதை.

#4 களிமண்

யமாடாவின் பக்கத்தை நான் எழுதுகிறேன். அவள் அழுகிறாள் என்பதே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவள் எவ்வளவு தேர்ந்த கைக்காரி என்பதை யாரும் பேசுவதில்லை. பட்டம் முடிந்தபிறகும் அவர்கள் படித்த ஹமாபி கலைக் கல்லூரியிலேயே ஆய்வு மாணவியாகத் தங்குகிறாள், புஜிவாரா டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து பாண்டங்களுக்கு வேலை வருகிறது. அங்கே வேலை செய்யும் நோமியா அவளை முதலில் அறிவது அந்த வேலை வழியாகத்தான்.

சக்கரத்தில் உட்காரும் முன்பே மண் பிசையும் வேலை இருக்கிறது. முதலில் முரட்டுப் பிசைவு, மண் முழுக்க ஈரத்தைச் சமமாக்க. பிறகு கிக்குனேரி, அதாவது செவ்வந்திப் பிசைவு: வலது உள்ளங்கையால் அழுத்தி, இடது கையால் உருண்டையைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி அழுத்தி. 50, 100 முறை செய்யும்போது மடிப்புகள் செவ்வந்தி இதழ்போல் விழும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மண் பிசையவே மூன்று வருஷம் என்று ஜப்பானியக் குயவர்கள் சொல்வது சும்மா இல்லை. தவறான திசையில் மடித்தால் காற்றை வெளியேற்றுவதற்குப் பதில் உள்ளே சேர்ப்பீர்கள்.

ஒரு சோற்றுக் கிண்ணத்துக்கு 350 முதல் 400 கிராம் மண் போகும். ஜப்பானில் நிறையப் பேர் ஒவ்வொன்றாக எடைபோட்டு வைக்காமல், 3 முதல் 5 கிலோ மண்ணைக் கூம்பாக்கிச் சக்கரத்தில் ஏற்றி, உச்சியிலிருந்து கிண்ணம் கிண்ணமாக இழுத்து நூலால் அறுத்து எடுப்பார்கள். வேகம் கூடும். கூடவே ஒரு ஆபத்தும் வரும்: அடிப்பகுதி அழுத்தம் வாங்காமல் போகும். காயும்போது நடுவில் எஸ் எழுத்து மாதிரி ஒரு விரிசல் விழும். அதைத் தவிர்க்க, சுவரை உயர்த்தும் முன் அடியை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் மூன்று நான்கு முறை அழுத்தி வர வேண்டும், தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

அங்கே சக்கரம் பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்றும், மேற்கு நாடுகளில் இடஞ்சுழி. கை வைக்கும் பக்கமே மாறிவிடும். மட்பாண்டக் காட்சிகளை உன்னிப்பாகப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சூளைக் கணக்கு: முதல் சுடல் 700–800 டிகிரி செல்சியஸ், கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) பூசியபின் 1230–1280. பச்சை மண்ணிலிருந்து முடிந்த பாண்டம் வரை 12–15 சதவீதம் சுருங்கும். கேட்ட அளவில் பாண்டம் கொடுக்க வேண்டிய யமாடா, 15 சென்டிமீட்டர் வாய் வேண்டுமென்றால் 17-க்கு மேல் வைத்தே இழுக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மட்பாண்டம் காத்திருக்க வைக்கும் தொழில். காய ஒரு வாரம், சூளை ஏற ஒரு நாள், ஆற இன்னொரு நாள். ஆறும் முன் கதவைத் திறந்தால் வெடித்துவிடும். தன்னை விரும்பாத மயாமாவை அவள் விட முடியாமல் இருப்பதைப் பலவீனம் என்கிறார்கள். அவளுடைய வேலையின் வேகத்தில் பார்த்தால் அது இயல்பான ஆறும் நேரம். நோமியா அதைப் புரிந்துகொள்ளும் முதல் ஆள். டொட்டோரி கிளைக்குப் போனபிறகும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி வருகிறான். ஆனால் வந்தபிறகு கதவை உடைப்பதில்லை.

#5 புதுப்பானை

@களிமண் ஒரு சந்தேகம். சூளையில் பாண்டம் வெடிப்பது காற்றுக் குமிழியால்தானே?

#6 களிமண்

பெரும்பாலும் ஈரத்தால். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் தடித்த அடிப்பகுதியில் தண்ணீர் இருக்கும். சூளை 100 டிகிரியைத் தாண்டும்போது அது நீராவியாகி வழி தேடும். குமிழி இருந்து ஈரம் இல்லாவிட்டால் பொதுவாகத் தப்பித்துவிடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் உண்டு. 100-ஐத் தாண்டும் முன் ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாக நிறுத்துங்கள். பிறகு 573 டிகிரி பக்கத்தில் குவார்ட்ஸ் கொஞ்சம் விரிவடையும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே நிதானம் வேண்டும். கிளேஸ் பூசும்போது அடிவட்டத்திலிருந்து 3–5 மில்லிமீட்டர் துடைத்து விடுங்கள், இல்லையென்றால் பாண்டம் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

#7 விரல்நுனி

வேம்படியின் கேள்விக்கு வருகிறேன். ஹகுவின் காயத்தை மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அவள் முடிவு அவசரமாகத் தெரியாது.

கண்ணாடி விழுந்து வலது கை வெட்டுப்படுகிறது, நரம்பு பாதிக்கப்படுகிறது, விரல்களில் உணர்ச்சி போகிறது. பொதுவாக இப்படிப்பட்ட காயத்தில் என்ன நடக்கும்? வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் நரம்பிழைகள் சில நாட்களில் சிதைந்துவிடும், வெற்று உறை மட்டும் இருக்கும். அறுவை மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார். மேல்பக்கத்து இழைகள் அந்த உறை வழியே வளர்ந்து இறங்க வேண்டும். வேகம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டில் வெட்டுப்பட்டால் விரல் நுனி வரை 15–18 சென்டிமீட்டர், அப்படியென்றால் முதல் உணர்ச்சி திரும்பவே ஆறு மாதம். முன்கையில் இன்னும் மேலே என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல்.

அதோடு முடியாது. வளர்ந்து வரும் இழை பழைய உறைக்குள்தான் போகும் என்று உத்தரவாதம் இல்லை. ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் உணரலாம். மூளை புதிதாகப் படிக்க வேண்டும். அதற்கான பயிற்சி இப்படி: பருத்தி, மணல் தாள், காசு, சாவி என்று பொருட்களை வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து ஒருமுறை தொட்டு, கண்ணை மூடி மறுமுறை தொட்டு, எது எது என்று சொல்ல வேண்டும். நாளுக்குப் பல தடவை, தடவைக்கு 10 நிமிடம். இடையில் மூட்டுகள் இறுகாமல் மற்றக் கையால் மடக்கி நீட்ட வேண்டும். இறுகிவிட்டால் நரம்பு வந்தும் பயனில்லை. உணர்ச்சி இல்லாத விரல் சூடான பாத்திரத்தில் பட்டால் தெரியாது, எனவே தீக்காயம் சாதாரணமாக வரும். உணர்ச்சி திரும்பும் கட்டத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கும். அந்த வலிதான் நல்ல செய்தி, ஆனால் அதைத் தாங்குகிறவருக்கு அப்படித் தோன்றாது.

இப்போது ஓவியரின் கையை யோசியுங்கள். பென்சிலின் அழுத்தத்தைக் கண் கட்டுப்படுத்துவதில்லை, விரல் நுனி கட்டுப்படுத்துகிறது. களிமண் சிற்பத்தில் இன்னும் அதிகம், அங்கே விரலே கண். ஹகு இரண்டையும் செய்கிறவள். அவளுக்கு வேண்டியது ஒரு காதலன் அல்ல. ஒன்றிரண்டு வருஷம் தினமும் மூன்று நான்கு முறை பக்கத்தில் உட்கார்ந்து, கை வலிக்கும்போது நிறுத்த விடாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்கிற ஆள்.

மோரிட்டா அவளை அழைத்துக்கொண்டு போய், வரையாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்தால் போதும் என்கிறான். அவன் அன்பில் துளியும் பொய் இல்லை. ஆனால் அவளுக்கு அதை ஏற்க முடியாது. தகேமோட்டோவும் தன் வேலையை விட்டுவிட்டு அவளோடு இருக்கத் தயாராக இருக்கிறான். அவன் வேலையை அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள். ஷூஜியிடம் மட்டும் அவள் வாழ்க்கையையே கேட்கிறாள், கேட்க முடிகிறது. அந்தக் காட்சியில் இருவர் பேச்சிலும் காதல் என்ற சொல் முன்னே நிற்கவில்லை, வரைவதுதான் முன்னே நிற்கிறது.

#8 வேம்படி

ஒரு வருசம், ரெண்டு வருசம் எண்ட கணக்கு எனக்குத் தெரியாது. அப்பிடிப் பாத்தா அவள் கேட்டது சின்ன விசயமில்லை, கேக்கக்கூடிய ஆளிட்டத்தான் கேட்டிருக்கிறாள். சரி. ஆனா அவர் அவளின்ர தகப்பன்ர ஒண்டவிட்ட சகோதரம். எங்கட முறையில சித்தப்பா. அதுதான் எனக்கு நெருடுது.

#9 நாலிலை

@வேம்படி அந்த நெருடல் தமிழ் வாசகர்கள் நிறையப் பேருக்கு வருகிறது. ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழியில் இட்டோகோ என்ற ஒரே சொல் பெரியப்பா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமா பிள்ளை, சித்தி பிள்ளை எல்லோருக்கும் பொது. ஷூஜி ஹகுவின் தந்தைக்கு எந்த வழியில் இட்டோகோ என்பதை அந்தச் சொல் காட்டாது. நம் முறையில் பங்காளி வழி என்றால் சித்தப்பா. அத்தை–மாமா வழி என்றால் தந்தைக்கு மைத்துனர், ஹகுவுக்கு மாமா முறை. நம் மொழி கட்டாயம் பிரிக்கும் ஒன்றை அந்த மொழி பிரிக்கவே இல்லை. தமிழ் சப்டைட்டில் செய்கிறவர்கள் இங்கே சித்தப்பா என்று போட்டால் கதையில் இல்லாத ஒரு தடையைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். மாமா என்று போட்டால் கதையில் இல்லாத ஒரு அனுமதியைக் கொடுத்துவிடுவார்கள். ஹகு அவரை ஷூ-சான் என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அப்படியே விட்டுவிடுவது மேல்.

ஷூஜிக்கு அவள்மேல் இருப்பது என்ன வகை அன்பு என்பதில் நான் உறுதியாக எதுவும் எழுத மாட்டேன். உமினோ அதை மூடாமல் விட்டிருக்கிறார். அவர்கள் திருமணம் செய்துகொண்டதாக எங்கும் காட்டவில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

#10 உளிச்சத்தம்

தகேமோட்டோவுக்கு அநியாயம் நடந்ததாகச் சொல்கிறவர்கள் அவன் எந்த வேலைக்குப் போகிறான் என்பதைக் கவனிக்கவில்லை.

சைக்கிள் பயணத்தில் கோயில் சீரமைக்கும் தச்சர்கள் குழுவோடு அவன் தங்குகிறான். படிப்பு முடிந்ததும் அவர்களிடம் வேலைக்குச் சேர்கிறான். அந்தத் தச்சர்களுக்கு மியாடைகு என்று பெயர். பழைய மரக் கோயிலைச் சீரமைப்பது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினம்.

முழுச் சீரமைப்பு என்றால் கூரை ஓடு முதல் தூண் வரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கழற்றும் முன் ஒவ்வொரு உறுப்புக்கும் எண் எழுதிய பலகைத் துண்டு அடிக்கப்படும், எந்த வரிசை, எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று. இந்த எண் முறைக்கு பான்ட்ஸுகே என்று பேர். ஒரு எண் தவறினால் திரும்பக் கூட்டும்போது நாள்கணக்கில் வேலை நிற்கும். பிறகு ஒவ்வொரு மரத்தையும் தட்டியும் குத்தியும் பார்த்து, எது அப்படியே போகும், எதைப் பகுதியாக மாற்றலாம், எதைக் கைவிட வேண்டும் என்று பிரிப்பார்கள். கூடியவரை பழையதைக் காப்பாற்றுவதே முறை.

தூணின் அடிதான் முதலில் உளுக்கும், தரை ஈரம் ஏறுவதால். முழுத் தூணையும் மாற்ற மாட்டார்கள். உளுத்த அடியை வெட்டிவிட்டு அதே வகை மரத்தில் புது அடியை ஒட்டுவார்கள், இதற்கு நெட்ஸுகி என்று பேர், வேர் ஒட்டு. மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஒன்றுக்குள் ஒன்று நழுவிச் சேரும்படி இரண்டிலும் ஒரே வடிவ வெட்டு. கடைசியில் நடுவே விடப்பட்ட ஓட்டையில் ஒரு மர ஆப்பை அடித்தால் இரண்டும் இறுகிவிடும். ஆணி கிடையாது. வெட்டு ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தாலும் மேலே இருக்கும் கூரைப் பாரம் அந்த இடைவெளியைத் தேடிக் கண்டுபிடிக்கும். ரொம்ப இறுக்கமாக வெட்டினால் ஆப்பு அடிக்கும்போதே ஓரம் பிளக்கும். மரம் சரியாகக் காயாமல் இருந்தால் ஒட்டு இன்று கச்சிதமாக இருக்கும், இரண்டு கோடை கழித்து வாய் திறக்கும்.

முதல் சீசனில் அவன் கட்டியது என்ன? ஒரு கோபுரம். எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டிக்கொண்டே போய்க் கடைசியில் உடைத்தான். இரண்டாம் சீசனில் அவன் தேர்ந்தெடுப்பது மற்றவர்கள் கட்டியதை, மற்றவர்கள் வருங்காலத்தில் பயன்படுத்தப் போவதை, விழாமல் பிடித்துக்கொள்ளும் வேலை. அவனுக்கு மோரிட்டாபோல் மேதைமை கிடையாது. மேதை வேண்டாத, பொறுமை வேண்டிய தொழில் இது. புதிதாகச் சேர்கிறவருக்கு மாதக்கணக்கில் உளி தீட்டுவதும் இடம் பெருக்குவதும் சமைப்பதும்தான் வேலை. அவன் அங்கே சமையலில் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள்.

#11 முப்பதுபாகை

மயாமா பற்றி யாருமே எழுதவில்லையே. அவன் ரிகாவின் பின்னால் போவதைப் பார்த்தால் தொல்லை என்று தோன்றும், சில இடங்களில் உண்மையிலேயே எல்லை தாண்டுகிறான். ஆனால் வேலை மேசையில் அவன் வேறு ஆள். கட்டடக்கலை மாதிரி செய்கிறவர்கள் அந்தக் காட்சிகளை இன்னொரு விதமாகப் பார்ப்பார்கள்.

மாதிரிக்கு ஸ்டைரீன் போர்டு: நடுவில் நுரை, இருபுறமும் காகிதம், 1, 3, 5 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும். கத்தி 30 பாகை முனை. ஒரே அழுத்தில் வெட்டக் கூடாது. முதல் இழுப்பில் மேல் காகிதம், இரண்டாவதில் நுரை, மூன்றாவதில் அடிக் காகிதம். மூலையில் நுரை தெரியாமலிருக்க ஒரு துண்டின் ஓரத்தில் நுரையை மட்டும் எடுத்துவிட்டு வெளிக் காகிதத்தை விட்டுவைப்பார்கள், அது மற்றத் துண்டின் வெட்டுமுகத்தை மூடும். முனை மழுங்கினால் நுரை கிழியும், எனவே ஒரு இரவில் பத்து முறை முனையை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரைப்பான் கலந்த பசை பட்டால் நுரை உருகிப் பள்ளம் விழும், விடிகாலை நான்கு மணிக்கு நடக்கும் தவறு அதுதான்.

இறந்த ஹரடாவின் வரைபடங்களை ரிகா ஒவ்வொன்றாக முடிக்கிறாள். எல்லாம் முடிந்துவிட்டால் தனக்கு வாழக் காரணம் இல்லை என்ற நினைப்பு அவளுக்கு உள்ளே ஓடுகிறது. மயாமா அதைப் படித்துவிட்டான். அவன் கொடுப்பது ஆறுதல் பேச்சு அல்ல. அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை. மேசையில் இன்னொரு மாதிரி முடியாமல் இருக்கிறது என்பதே அவளை மறுநாளைக்குக் கொண்டுபோகிறது. இரண்டாம் சீசனில் காதல் என்று நான் ஒப்புக்கொள்ளும் காட்சிகள் இவைதான்.

#12 கரிக்கோல்

@முப்பதுபாகை ஒப்புக்கொள்கிறேன். மோரிட்டா கதைக்கு இந்த நிதானம் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம். முதல் சீசனில் அவன் அமெரிக்கா போய்ச் சம்பாதித்த பணமெல்லாம் எங்கே போனது என்ற கேள்விக்கு இங்கே பதில் வருகிறது: தந்தையிடமிருந்து பறிபோன நிறுவனத்தைத் திரும்பப் பிடிக்க அண்ணன் காவோரு போட்ட திட்டத்துக்கு. எல்லாம் கைகூடியபிறகு இருவருக்கும் உள்ளே வெறுமை. நல்ல கரு. ஆனால் தொழில் உலகம் முழுக்கப் பேச்சாகவே கடந்துபோகிறது. சூளையோ உளியோ போலக் கண்ணால் பார்க்க அதில் எதுவும் இல்லை. மங்காவில் சிறுவயதுப் பக்கங்களை மெதுவாகப் படித்தால் தம்பியின் திறமையைப் பார்த்து அண்ணன் உள்ளே வெந்தது புரியும். அனிமேயை முடித்தவர்கள் மங்காவில் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

#13 புதுப்பானை

2006-ல் படமும் வந்ததே, அதைப் பார்த்தால் போதுமா?

#14 கரிக்கோல்

போதாது. படம் 2006 ஜூலை 22-ல் வந்தது, சகுராய் ஷோ தகேமோட்டோ, ஆவோய் யூ ஹகு. 2008-ல் ஃபுஜி டிவியில் நடிகர்களை வைத்து எடுத்த தொடரும் வந்தது. பத்துத் தொகுதியை இரண்டு மணி நேரத்தில் அடக்கும்போது முதலில் போவது தொழில்தான். அனிமேயைப் பார்த்துவிட்டுப் பார்க்கலாம்.

#15 வேம்படி

எல்லாம் வாசிச்சன். கடைசிக் காட்சியைத் திரும்பப் பாத்தன். தகேமோட்டோ புறப்படேக்க ஹகு குடுக்கிற பாண் பொதி. ஒவ்வொரு துண்டுக்கிடையிலயும் தேன், ஒவ்வொண்டிலயும் நாலிலை குளோவர். அதை எவ்வளவு நேரம் தேடியிருப்பாள்?

#16 நாலிலை

கணக்குப் போடலாம். வெள்ளை குளோவரில் நாலிலை ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒன்று என்று சொல்லப்படுகிறது, பத்தாயிரத்தில் ஒன்று என்பது பழைய கணக்கு. ஆனால் அவை சீராகப் பரவியிருக்காது. குளோவர் தரையில் ஓடும் தண்டு வழியாகப் பரவும் செடி. ஒரு செடிக்கு நாலிலை விடும் தன்மை இருந்தால் அதே தண்டில் இன்னொன்று இருக்க வாய்ப்பு அதிகம். மிதிபட்ட பாதை ஓரங்களில், இளம் மொட்டு காயப்படும் இடங்களில் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் சொல்வார்கள். தேடுகிறவர்கள் ஒவ்வொரு இலையாகப் புரட்டக் கூடாது, அது கண்ணைக் களைக்க வைக்கும். ஒரு சதுர அடியை மேலிருந்து பார்த்து, மூன்றிலையின் முக்கோண ஒழுங்கு உடையும் இடத்தை மட்டும் தேட வேண்டும். கண்டதும் பறித்துவிட்டு ஓடாமல் அதைச் சுற்றி ஒரு கை அகலம் பார்க்க வேண்டும். வெட்டியபின் வாடிவிடும், எனவே ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

முதல் சீசனில் எல்லோரும் சேர்ந்து தேடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்தப் பொதியில் துண்டுக்குத் துண்டு இருக்கிறது. அவள் வலது கை இன்னும் சரியாகவில்லை. புல்லை விலக்கியது இடது கை.